மந்தையில் நின்ற கார்

சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காபி குடித்துவிட்டுத் திண்ணையில் பத்திரிகையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். மூன்று குழந்தைகள் படியேறி வந்தார்கள். இரண்டு பெண்கள், ஒரு பையன். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். அவள் கையில் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று நான்காக மடித்து இருந்தது.

"தாத்தா, நீங்க கதை எழுதுறவங்கதானே? இதுல தப்பு இருந்தாத் திருத்திக் குடுங்க" என்றாள்.

புதுக்கோட்டைச் சீமையில் எங்கள் ஊர் மிகச் சிறிய ஊர். இங்கே எழுத்தாளன் என்றால் மனு எழுதிக் கொடுப்பவன் என்று அர்த்தம். முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், தெருவிளக்கு, குடிதண்ணீர்க் குழாய் என்று நான் எழுதிய மனுக்களை அடுக்கினால் என் நாவல்களை விட உயரமாக இருக்கும். ஆகவே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைப் பிரித்தேன்.

அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி ஒழுங்காக இருந்தன. விஷயம் இதுதான். ஊர் மந்தையில் நான்கு வேம்பும், இரண்டு புளியும், ஓர் ஆலும் இருக்கின்றன. பள்ளி விட்டதும் குழந்தைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள். இப்போது அங்கே டிராக்டரும், சரக்கு வேனும், காரும் வந்து நிற்கின்றன. புல் செத்துவிட்டது. ஆலமரத்தின் வேர்கள் மேல் சக்கரம் ஏறிப் பட்டை உரிந்துவிட்டது. போன மாதம் பின்பக்கமாக வந்த வேன் ஒரு பையனுடைய காலில் ஏறப் பார்த்தது. கடைசியில் இரண்டு வரிகள்: "வண்டிகளுக்கு ஊர் முழுக்க ரோடு இருக்கிறது. எங்களுக்கு இது ஒன்றுதான் இருக்கிறது."

இந்த இரண்டு வரிகளில் திருத்த எனக்கு ஒன்றும் இல்லை. வேறு இடங்களில் 'மரம்' என்பதை 'மறம்' என்று எழுதியிருந்தார்கள். "மறம் என்றால் வீரம்; நிழல் தருவது மரம்" என்று சொல்லித் திருத்தினேன். 'நிருத்த' என்பதை 'நிறுத்த' ஆக்கினேன். தாளைத் திருப்பிக் கொடுத்தேன். பெண் வாங்கிக்கொள்ளவில்லை.

"கையெழுத்தும் போடுங்க தாத்தா."

"குழந்தைகள் மனு குழந்தைகள் பேரிலேயே போகட்டும் அம்மா. அதுதான் அழகு" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தாளை மடித்துக்கொண்டு மூவரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

நான் சொன்ன காரணம் பொய். மந்தையில், மூன்றாவது வேப்பமரத்தின் நிழலில், அன்று காலை நின்றுகொண்டிருந்த வெள்ளைக் கார் என்னுடையது.

*

மனத்தில் உறுத்தல் ஏற்பட்டால் சரித்திரத்தில் போய் ஒளிந்துகொள்வது எழுதுகிறவர்களின் பழைய வழக்கம். அந்த வாரம் முழுவதும் நானும் அதையே செய்தேன். குழந்தைகள் வண்டிகளை எதிர்த்து மனுப் போட்ட கதை உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று தேடினேன். உண்டு. ஒன்றல்ல, பல. ஆனால் அவற்றைச் சொல்லுமுன் எங்கள் சீமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

தொண்டைமான்களின் சமஸ்தானமாக இருந்தது புதுக்கோட்டை. 1948 மார்ச்சில் இந்தியாவுடன் இணைந்து திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது. 1974 ஜனவரியில் தனி மாவட்டம் ஆயிற்று. நகரத்தின் தெருக்கள் கோடு கிழித்தாற்போல் நேராகவும் அகலமாகவும் இருப்பதை வெளியூர்க்காரர்கள் பார்த்து வியப்பார்கள். 1878 முதல் 1894 வரை இங்கே நிர்வாகம் நடத்திய சேஷையா சாஸ்திரியாரின் கைவண்ணம் அதில் நிறைய உண்டு. தெருக்களை ஒழுங்கு செய்தவர் குளங்களையும் சீர் செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து மனிதர்களுக்கு ஊர் என்றால் போகிற வழியும் இருக்கிற இடமும் சேர்ந்ததுதான். தெரு எவ்வளவு அவசியமோ, குளக்கரையும் அவ்வளவு அவசியம்.

1910-களின் தொடக்கத்தில் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மோட்டார் பஸ் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஓட ஆரம்பித்தது. தென்னாட்டு பஸ் சரித்திரத்தில் மிகப் பழைய தடங்களுள் ஒன்று இது. மாட்டுக் குளம்பிலிருந்து கழன்று விழும் லாட ஆணிகள்தாம் அந்த பஸ்ஸுக்கு முதல் சத்துரு. பாதை மாட்டு வண்டியுடையது. மோட்டார் அங்கே புதிதாக வந்த விருந்தாளி. விருந்தாளி எப்போது வீட்டுக்காரரானார், வீட்டுக்காரர் எப்போது ஓரமாக ஒதுங்கினார் என்பதை யாரும் தேதி போட்டுக் குறித்து வைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த மாவட்டத்தில் கோயில் காடுகள் பல. ஐயனார் கோயிலைச் சுற்றிய காட்டில் சுள்ளி கூடப் பொறுக்கமாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கீரமங்கலத்துக்கு அருகே குளமங்கலத்தில் ஐயனாருக்கு வானளாவிய குதிரைச் சிலை ஒன்று இருக்கிறது. மாசி மகத்தன்று அதற்குக் காகிதப் பூமாலைகள் மலைபோல் வந்து குவியும். இரவெல்லாம் ஊரைச் சுற்றிக் காவல் காக்கும் தெய்வத்துக்கு வாகனம் இல்லாமல் முடியுமா? ஆனால் பாருங்கள், அவ்வளவு பெரிய குதிரையும் சந்நிதிக்கு எதிரே வெளியில்தான் நிற்கிறது. வாகனம் எங்கே நிற்க வேண்டும் என்ற விஷயத்தில் எங்கள் முன்னோர்கள் சாமிக்கே கண்டிப்பாக ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்!

எனக்கு ஒதுக்கிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

*

இனி நியூயார்க்குக்குப் போவோம். உலகத்திலேயே மோட்டார் அதிகம் பெருகிய தேசத்தில்தான் முதல் மனு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது நியாயந்தானே?

அந்த நகரத்தின் தென்பகுதியில் வாஷிங்டன் சதுக்கம் என்று ஒரு பூங்கா இருக்கிறது. சுமார் பத்து ஏக்கர் பரப்பு. ஒரு காலத்தில் அநாதைப் பிணங்களைப் புதைத்த இடம். பிறகு சிப்பாய்கள் அணிவகுக்கும் மைதானமாகி, அதன்பின் பூங்காவாயிற்று. வடக்கேயிருந்து வரும் ஐந்தாம் அவென்யூ என்ற பெரிய வீதி இந்தப் பூங்காவின் வளைவு வாசலில் வந்து முட்டுகிறது. உள்ளே வண்டிப் பாதை ஒன்று இருந்தது. பஸ்கள் அங்கே வந்து திரும்பிப் போகும். சுற்றிலும் குடியிருந்தவர்களுக்குக் குழந்தைகளை விளையாட விட அதைத் தவிர வேறு புல்தரை கிடையாது.

நகரத்துப் பூங்காக்களுக்கெல்லாம் அதிகாரியாக இருந்தவர் ராபர்ட் மோசஸ். பாலங்களும் நெடுஞ்சாலைகளும் கட்டித் தள்ளிய மகா சமர்த்தர். மேயர்கள் வருவார்கள், போவார்கள். அவர் மட்டும் அசையமாட்டார். வேடிக்கை என்னவென்றால், ஒரு மாநகரத்தையே மோட்டாருக்காக வெட்டித் திருத்திய இந்த மனிதர் கடைசி வரையில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. பூங்காவைச் சுற்றியும் ஊடுருவியும் பாதையைப் பெருக்கி, ஐந்தாம் அவென்யூவைத் தெற்கே கொண்டுபோக வேண்டும் என்பது அவர் திட்டம். தெற்கே புதிதாக எழும்பும் கட்டடங்களுக்கு 'ஐந்தாம் அவென்யூ' என்ற விலாசம் கிடைத்தால் மதிப்பு ஏறும் அல்லவா?

1952-ல் ஷர்லி ஹேய்ஸ் என்ற பெண்மணி இதை எதிர்த்து ஒரு குழு அமைத்தார். அவர் நான்கு பிள்ளைகளின் தாய். மற்றவர்கள் எல்லாம், "பாதையைக் கொஞ்சம் சிறியதாகப் போடுங்கள், ஓரமாகப் போடுங்கள்" என்று பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும், "பாதையே வேண்டாம். இருக்கிறதையும் மூடுங்கள்" என்று கேட்டார். இந்தப் பிடிவாதந்தான் பிற்பாடு ஜயித்தது. சில ஆண்டுகளில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகை எழுத்தாளரும் வந்து சேர்ந்தார். அவருக்கு இரண்டு பையன்கள், ஒரு பெண். வாரக் கடைசியில் அம்மாமார்கள் பூங்காவில் மேஜை போட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். குழந்தைகள் 'சதுக்கத்தைக் காப்பாற்றுங்கள்' என்ற பலகையை முன்னும் பின்னும் மாட்டிக்கொண்டு நடப்பார்கள். கடை கடையாகப் போய்ச் சுவரொட்டி கொடுத்து வருவதும் அவர்கள் வேலை. குழந்தை நீட்டுகிற காகிதத்தை எந்தக் கடைக்காரர் வேண்டாம் என்பார்?

மோசஸுக்குக் கோபம் பொறுக்கவில்லை. இந்தத் திட்டத்தை எதிர்க்க ஒரு தாய்மார் கூட்டத்தைத் தவிர வேறு நாதியே கிடையாது என்று அவர் நகரசபை விசாரணையில் கத்தியதாக ஜேக்கப்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் எலினார் ரூஸ்வெல்ட், நகரங்களைப் பற்றி எழுதிப் புகழ் பெற்ற லூயிஸ் மம்ஃபோர்டு முதலிய பெரியவர்களும் அந்தத் தாய்மார் பக்கம் நின்றார்கள்.

1958-ல் பரீட்சார்த்தமாகச் சில காலம் மூடிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. 'மூடினால் சுற்றுத் தெருக்களெல்லாம் வண்டிகளால் அடைபட்டுப் போகும்' என்று போக்குவரத்து அதிகாரிகள் பயமுறுத்தினார்கள். நவம்பர் 1-ஆம் தேதி விழா நடந்தது. நம் நாட்டிலும் சரி, அவர்கள் நாட்டிலும் சரி, ஒரு பாதையைத் திறந்தால் ரிப்பன் வெட்டுவார்கள். அன்று ரிப்பனை வெட்டவில்லை. பாதைக்குக் குறுக்கே கட்டினார்கள்! ரிப்பனைப் பிடித்து நின்றவர்களில் ஒருத்தி ஜேக்கப்ஸின் மகள் மேரி. அவளுக்கு அப்போது மூன்றரை வயது.

பயமுறுத்தியபடி ஒன்றும் நடக்கவில்லை. சுற்றுத் தெருக்களில் நெரிசல் கூடவில்லை. மூடிய வழியை விட்டுவிட்டு வண்டிகள் எங்கே போயின என்று நிபுணர்கள் தலையைச் சொறிந்துகொண்டார்கள். வழி இருப்பதால்தான் பல வண்டிகள் வருகின்றன. வழி இல்லாவிட்டால் அவற்றில் ஒரு பங்கு புறப்படுவதே இல்லை. இந்தப் பாடத்தை ஜேக்கப்ஸ் 1961-ல் வெளியிட்ட தம் புத்தகத்தில் எழுதினார். 1959-ல் சதுக்கம் வண்டிகளுக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. பஸ்கள் திரும்புவதும் பின்னர் நின்றது.

அதே புத்தகத்தில் இன்னொரு சிறிய சம்பவம் இருக்கிறது. எனக்குப் பெரிய சம்பவத்தை விட இதுதான் பிடித்தது. ஜேக்கப்ஸ் வாழ்ந்த பேட்டையில், வண்டிகளுக்கு இடம் பண்ணுவதற்காக நடைபாதையைச் சுருக்க நகராட்சி தீர்மானித்தது. தெருவில் ஓர் அச்சுக்கூடக்காரர் அவசர அவசரமாக மனு அச்சிட்டுக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்த மனுக்களைப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வந்தார்கள். பெரியவர்கள் தூதாகப் போய் அதிகாரியைப் பார்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

குழந்தைகள் காகிதத்தைக் கொண்டுபோனார்கள். பெரியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு, சற்று நேரம் ஜன்னல் வழியாக மந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

அடுத்த கதை ஹாலந்தில் நடந்தது. சைக்கிள் தேசம் என்று இன்று உலகமே அதைப் புகழ்கிறது. ஆதியிலிருந்தே அவர்கள் அப்படித்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாஸ்தவம் வேறு. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு கையில் காசு சேர்ந்ததும் அவர்களும் நம்மைப் போலவே காருக்கு ஆசைப்பட்டார்கள். கார் ஓட வழி வேண்டும் என்று வீடுகளை இடித்தார்கள். சைக்கிள்காரர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். 1971-ஆம் ஆண்டில் மட்டும் அந்தச் சின்னஞ்சிறு நாட்டில் சாலையில் மாண்டவர்கள் சுமார் 3,300 பேர். அவர்களில் 400-க்கு மேல் குழந்தைகள்.

அந்த நாட்களில் ஆம்ஸ்டர்டாமில் டி பைப் என்ற பேட்டையில் நடந்ததை 1972-ல் எடுத்த ஒரு டெலிவிஷன் படம் இன்றும் நமக்குக் காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொழிலாளர்களுக்காக நெருக்கமாகக் கட்டிய பேட்டை அது. பல தெருக்களுக்கு ஓவியர்களின் பெயர். ஆனால் பிள்ளைகள் சித்திரம் போல் வீட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டியதாயிற்று. ஏனென்றால் தெருவின் இரண்டு பக்கமும் கார், நடுவிலும் கார். விளையாட ஒரு தெருவையாவது மூடித்தர வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகள் மனு எழுதினார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு ஒரு நாள் தாங்களே தடுப்புகளை இழுத்துப் போட்டுத் தெருவை மூடிவிட்டு நடுவில் விளையாட ஆரம்பித்தார்கள்.

ஒரு மனிதர் காரிலிருந்து இறங்கி வருகிறார். தடுப்பைத் தூக்கி எறிகிறார். வாக்குவாதம், தள்ளுமுள்ளு. பிள்ளைகள் மறுபடியும் தடுப்பைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

நான் இந்தக் காட்சியைப் பேரனுடைய கணினியில் மூன்று தடவை பார்த்தேன். நியூயார்க் கதையில் எதிராளி ஒரு பெரிய அதிகாரி. அவரைத் திட்டுவது சுலபம். திட்டினால் நமக்குப் புண்ணியமும் சேரும். ஆம்ஸ்டர்டாம் கதையில் அப்படி ஒரு ராட்சசன் இல்லை. எதிராளி தெருவில் போகிற சாதாரண மனிதர். அவருக்கும் வீடு உண்டு, அவசரம் உண்டு, வீட்டில் குழந்தைகளும் இருக்கலாம். 'நான் கொஞ்சம் இப்படிப் போய்விட்டால் என்ன?' என்பதைத் தவிர அவருக்கு வேறு கெட்ட எண்ணம் கிடையாது. தடுப்பைப் பிடித்து எறிந்த அந்தக் கையைப் பார்த்தபோது, கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்த கையின் ஞாபகம் எனக்கு வந்தது.

அதே ஆண்டில் விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் ஒரு கட்டுரை எழுதினார். 1971-ல் பள்ளிக்கூடம் போகும் வழியில் அவருடைய சின்னஞ்சிறு மகள் கார் மோதி இறந்துபோனாள். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பது கட்டுரையின் தலைப்பு. அதையே பெயராகக் கொண்டு ஓர் இயக்கம் கிளம்பியது. தாய் தந்தையர் குழந்தைகளுடன் தெருவில் இறங்கினார்கள். வழியை மறித்து நடுத்தெருவில் மேஜை போட்டுச் சாப்பிட்டார்கள். 1973 நவம்பரில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அந்த நாட்டு சர்க்காரே உத்தரவு போட்டது. பெரிய நெடுஞ்சாலைகளில் ஜனங்கள் உலாவப் போனார்கள். மூடிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை ஒரு தேசம் முழுவதும் கண்ணால் பார்த்தது. 1976-ல், குடியிருப்புத் தெருக்களில் நடப்பவருக்கும் விளையாடும் பிள்ளைக்குமே முதல் உரிமை, வண்டி மனிதன் நடக்கும் வேகத்தில்தான் போக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. 1971-ல் 400-க்கு மேல் இருந்த குழந்தைகள் சாவு 2010-ல் 14 ஆகக் குறைந்தது.

நம் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் இடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இந்த முதலிடத்துக்காக யாரும் ரிப்பன் வெட்டவில்லை.

*

'நியூயார்க்கும் ஆம்ஸ்டர்டாமும் பணக்கார ஊர்கள். மோட்டார் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குக் கட்டும். எங்கள் ஊருக்கு பஸ் வந்தே எத்தனை வருஷம் ஆகிறது?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் எத்தனையோ பெண்குழந்தைகள் எட்டாவதோடு நின்றதற்கு, உயர்நிலைப் பள்ளிக்குப் போக பஸ் இல்லை என்பதே காரணம். பிரசவ வலி எடுத்தவளைக் கட்டிலில் தூக்கிப்போன காலத்தைப் பார்த்தவன் நான். டிராக்டரும் வேனும் இல்லாவிட்டால் இன்று நெல் களத்தை விட்டு நகராது. ஆகையால் சக்கரத்தைச் சபிக்க நான் தயாராக இல்லை. என் ஊர்க் குழந்தைகளும் சபிக்கவில்லை. 'வண்டிகளுக்கு ரோடு இருக்கிறது' என்றுதான் எழுதியிருந்தார்கள்.

சக்கரத்தைப் பற்றி உலகத்துக்கே சொல்ல எங்கள் மாவட்டத்திடம் ஒரு கதை இருக்கிறது. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறியாத பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுக்கலாம் என்று அந்த இயக்கத்தில் ஒரு யோசனை பிறந்தது. பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல், அண்ணனையோ புருஷனையோ எதிர்பார்க்காமல், ஒரு பெண் தானே போய்த் தானே வரலாம் அல்லவா? கல் உடைக்கிறவர்களும், வயல் வேலைக்காரிகளும், பள்ளிக்கூடத்துப் பெண்களும் கற்றுக்கொள்ள வந்தார்கள். பெண்கள் சைக்கிள் போதவில்லை. அதனால் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்னால் உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதிலும் ஒரு சௌகரியம் கண்டார்கள். 1992-ல் சர்வதேச மகளிர் தினத்தன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் போனார்கள். சேஷையா சாஸ்திரியாரின் அகலத் தெருக்கள் அதைப் போன்ற ஊர்வலத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. லட்சத்துக்கு மேல் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

கற்றுக்கொண்டார்கள், சரி. எங்கே கற்றுக்கொண்டார்கள்?

எங்கள் ஊரில் மந்தையில்தான். பொழுது சாய்ந்த பிறகு, ஆண்கள் டீக்கடைப் பக்கம் போன நேரமாகப் பார்த்து, பெண்கள் அங்கே கூடுவார்கள். ஒருத்தி ஏறுவாள், இரண்டு பேர் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். விழுந்தால் புல், எழுந்தால் சிரிப்பு. வண்டி வாகனம் எதுவும் குறுக்கே வராத ஒரே இடம் ஊரில் அதுதான். ரோட்டில் போய்க் கற்றுக்கொள்ளச் சொல்லியிருந்தால் ஒருத்தி கூட ஏறியிருக்கமாட்டாள்.

என் மனைவிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. "இந்த வயசுல உனக்கு எதுக்கு?" என்று நான் கேட்டதை மறைக்கப் போவதில்லை. பதில் சொல்லாமல் போனாள். நான்காம் நாள் முழங்கையில் ரத்தத்தோடு வந்து, "மூணாவது வேப்பமரம் குறுக்க வந்துருச்சு" என்றாள். பத்தாம் நாள் என் தபால்களை அவளே சைக்கிளில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். அவள் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

என் கார் நிற்கிற மரம் அந்த மூன்றாவது வேப்பமரந்தான். இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவே இல்லை. நிழலாக இருக்கிறதே என்று நிறுத்தினேன்.

*

சரித்திரத்தில் ஒளிந்துகொள்ளப் போனவன் இப்படியாக அங்கே வசமாக மாட்டிக்கொண்டேன். மறு ஞாயிறு நானே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் குந்தி உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"மனுவை எங்கேயம்மா கொடுக்கப் போகிறீர்கள்?"

"அக்டோபர் ரெண்டு கிராம சபையில தாத்தா. ஆனா எங்களுக்கு அங்கே ஓட்டு இல்லையாம். ஓட்டு இருக்கிறவங்க கையெழுத்து வேணும்னு டீச்சர் சொன்னாங்க. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தோம்."

அவள் குற்றம் சாட்டவில்லை, விவரம் சொன்னாள். கிராம சபையில் வாக்காளர்கள்தாம் அங்கத்தினர்கள். மந்தையில் முழு நாளும் வாழ்கிறவர்களுக்கு மந்தையைப் பற்றிப் பேச உரிமை இல்லை. நிழலுக்குக் கார் நிறுத்துகிறவனுக்கு உண்டு. 'குழந்தைகள் பேரிலேயே போகட்டும், அதுதான் அழகு' என்று நான் சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கே புரிந்தது.

தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். மேலே ஐந்து பெயர்கள் இருந்தன. அவர்களில் ஒருவர் டிராக்டர் வைத்திருப்பவர் என்பதைப் பார்த்ததும் வெட்கமாக இருந்தது. பிறகு, நியூயார்க்கின் ஞாபகமாக, அவள் சம்மதத்துடன் ஒரு வரி சேர்த்தேன்: "முதலில் ஒரு மாதத்துக்கு மட்டுமாவது வண்டிகளை நிறுத்தாமல் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்." மூடிப் பார்க்கும் வரையில்தான் பயம். அறுவடைக் காலத்தில் நெல் வண்டி வந்து போக வழிவிட வேண்டும் என்பதை அவளே சேர்க்கச் சொன்னாள். குழந்தைகளுக்கு நடைமுறை தெரியாது என்று யார் சொன்னது?

இதை எழுதும்போது அக்டோபர் 2 இன்னும் வரவில்லை. மனு என்ன ஆகுமோ தெரியாது. ஷர்லி ஹேய்ஸுக்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன; எங்கள் ஊருக்கு ஒரு கிராம சபை போதாமல் போகலாம்.

காரை மட்டும் அன்றைக்கே எடுத்துவிட்டேன். ஊர்க்கோடியில் பழைய ரைஸ் மில்லின் காலி இடத்தில் நிற்கிறது. வீட்டிலிருந்து பத்து நிமிஷம் நடக்க வேண்டும். இந்த வயதில் அந்த நடை நல்லது என்று டாக்டர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நேற்று மாலை மந்தைப் பக்கம் போனேன். மூன்றாவது வேம்பின் அடியில் கார் நின்ற இடத்தில் மண் கெட்டித்து, நடுவில் எண்ணெய்க் கறை வட்டமாகக் கறுத்துக் கிடக்கிறது. புல் வர இரண்டு மழையாவது ஆகும். அந்தக் கறையை ஒதுக்கிவிட்டு, அதைச் சுற்றிக் குழந்தைகள் பாண்டிக்குக் கட்டம் போட்டிருந்தார்கள்.